ஆற்றுக் குளியலும் கலங்கிய பையும்

என் மாமனார் வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் முங்கியே ஆக வேண்டும் என்கிறார். கிருமி தொற்றுமா?
- வாசகி, கொடுமுடி

தொற்றும். வயிற்றிலிருந்து டயாலிசிஸ் குழாய் வெளிவரும் இடம் ஆற்றுநீரில் மூழ்கவே கூடாது. படித்துறையில் காலை நனைக்கட்டும், மகுடேசுவரரை நிறைவாகக் கும்பிட்டு வரட்டும். வீட்டில், டாக்டர் அனுமதித்தபின், குழாய்த் தண்ணீரில் குளிக்கலாம். பிறகு அந்த இடத்தைத் துடைத்து, அவர் எழுதித் தந்த களிம்பைத் தினமும் தடவ வேண்டும். மஞ்சள், விபூதி அங்கே வேண்டாம்.

டயாலிசிஸ் திரவப் பையை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, முகக்கவசம் போட்டு, சோப்பால் கைகழுவி ஈரம் போகத் துடையுங்கள். பெரும்பாலும் கிருமி நுழைவது கை வழியாகத்தான்.

வெளியேறும் நீரைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கியிருந்தால், வயிற்றுவலி, காய்ச்சல் இல்லாவிட்டாலும், அன்றைக்கே கிளம்ப வேண்டும். ஈரோடோ, பெருந்துறையோ, அவரைப் பார்க்கும் சிறுநீரகப் பிரிவுக்கு அந்தப் பையையும் எடுத்துப் போங்கள். மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுத்தால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது சிரமமாகிவிடும். ஆஸ்பத்திரியில் பையின் திரவத்திலேயே ஆன்டிபயாடிக் கலந்து வயிற்றுக்குள் விடுவார்கள். வழக்கமாக இரண்டு, மூன்று வாரச் சிகிச்சை. சீக்கிரம் போனால் பெரும்பாலோருக்குக் குழாயை எடுக்காமலே குணமாகிவிடும்.

பைக்குச் செலவாகிறதா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.