தவணைப் புள்ளியை வைத்து ஓ.எல். பெறுபேற்றைச் சொல்லலாமா?



பிள்ளை தேர்ச்சி அறிக்கையைக் கொண்டு வந்ததும் நாம் முதலில் கேட்பது, "எத்தனையாம் பிள்ளை?" என்றுதான். ஓ.எல். பரீட்சைக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. இருபது பேர் உள்ள வகுப்பில் மூன்றாம் பிள்ளைக்கும் கணிதத்தில் 30 புள்ளி இருக்கலாம். சாதாரண தரத்தில் சித்தியடைய 35 வேண்டும். 50 எடுத்தால் திறமைச் சித்தி. உயர்தரம் படிக்கப் பொதுவாகத் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் கேட்கிறார்கள். ஆகவே பாடத்துக்குப் பாடம் புள்ளியைப் பாருங்கள்.

ஒருநாள் கொழுந்து நிறுவையை வைத்து மாசச் சம்பளத்தைச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான் ஒரு தவணைப் புள்ளியும். மூன்று தவணை அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கணிதத்தில் 28, 33, 39 என்று ஏறிவரும் பிள்ளை ஒன்று. 52, 45, 39 என்று இறங்கிவரும் பிள்ளை இன்னொன்று. கடைசி அறிக்கையில் இருவருக்கும் 39தான். ஆனால் உடனே கவனிக்க வேண்டியது இரண்டாவது பிள்ளையை. 39 எடுத்த பிள்ளை தப்பிவிட்டது என்று இருந்துவிடவும் கூடாது. 31 எடுத்த பிள்ளையை "முடிஞ்சுது" என்று சொல்லவும் கூடாது. வேறொரு வினாத்தாள் வந்தால் நாலைந்து புள்ளி இப்படியும் அப்படியும் போகும்.

வினாத்தாளையும் விசாரிக்க வேண்டும். தவணைப் பரீட்சையில் பெரும்பாலும் அந்தத் தவணையில் படித்ததுதான் வரும். ஓ.எல்.லில் தரம் 10, 11 இரண்டிலும் படித்தது வரும். பாடசாலையிலேயே தயாரித்த தாளா, வலயமோ மாகாணமோ அனுப்பிய பொதுத் தாளா என்று "சேர், இந்தப் பேப்பர் எங்க போட்டது?" எனத் தயங்காமல் கேளுங்கள். பொதுத் தாளில் எடுத்த புள்ளி ஓ.எல்.லுக்குக் கொஞ்சம் கிட்டவாக வரும்.

எனது ஊரான வரிப்பத்தான்சேனை வயல் ஊர். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச் பக்கம் வரும். வழமையான ஆண்டில் முதலாந் தவணைப் பரீட்சையும் அதையொட்டித்தான். வாப்பாவும் உம்மாவும் வயலில் நிற்க, தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்ற பிள்ளைக்குப் புள்ளி குறைந்தால் அது புத்திக் குறைவு அல்ல, வராத நாட்களின் கணக்கு. கொழுந்து நிறைய வரும் மாதங்களில் லயத்தில் நிறுத்தப்படும் பிள்ளைக்கும் அதே கதைதான். அறிக்கையில் வரவு நாட்களையும் பாருங்கள்.

2020இல் கொரோனாவால் இங்கிலாந்தில் உயர்தரப் பரீட்சை நடக்கவில்லை. ஆசிரியர்கள் மதிப்பிட்டுக் கொடுத்த தரங்களை, ஒவ்வொரு பாடசாலையின் பழைய பெறுபேற்றையும் வைத்து ஒரு கணினிக் கணக்கு மாற்றியது. 100க்கு 40 அளவில் தரம் இறங்கியது. முன்பு நல்ல பெறுபேறு இல்லாத பாடசாலையில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகளும் அடிபட்டார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 17இல் அரசாங்கம் அதைக் கைவிட்டது. "இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல யாரு பாஸ் பண்ணினாங்க?" என்று கேட்கும்போது நாமும் அதே கணக்கைத்தான் போடுகிறோம்.

அந்தக் கணக்கை நம்பி, தரம் 10இல் புள்ளி குறைந்த பிள்ளையைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. அனுப்புவதற்கு முன் திருத்திய விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். ஓ.எல். கணிதத்தில் முதலாம் தாளின் முதற்பகுதி 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அதைச் செய்துவிட்டு, பெரிய வினாக்களை வெறுமனே விட்டிருக்கிறதா? அப்படியென்றால் பிள்ளைக்கு அடிப்படை தெரியும். படிமுறை எழுதத்தான் பழக்கம் போதாது. முழுதாக முடிக்காத வினாவுக்கும் சரியான படிகளுக்குப் புள்ளி கிடைக்கும் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. சிறு வினாக்களே பிழைத்திருந்தால் கீழ்வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குத் தரம் 10 முடிவில் கேட்டால் இன்னும் ஒரு வருடம் இருக்கும். தரம் 11 கடைசித் தவணையில் கேட்டால் வாரங்கள்தான் இருக்கும்.