நீதிமன்ற லஞ்சம்: நம் கட்சிக்காரர் என்றால் வாய் மூடலாமா?



ஸூரத்துல் பகராவில் நோன்பைப் பற்றிய வசனங்கள் 183இல் தொடங்கி 187இல் முடிகின்றன. அதற்கு அடுத்த வசனத்தை ஓதிவிட்டு அப்படியே கடந்துபோய்விடுகிறோம். பிறர் பொருளை அநியாயமாக உண்பதற்காக நீதிபதிகளிடம் பொருளைக் கொண்டு சேர்க்காதீர்கள் என்பது அதன் கருத்து. பகலெல்லாம் ஹலாலான சோற்றையும் தண்ணீரையும் தள்ளி வைத்தவனுக்கு அல்லாஹ் நடத்தும் அடுத்த பாடம் கோர்ட் லஞ்சம். அந்த வசனத்தில் 'துத்லூ' என்றொரு சொல் வருகிறது. கிணற்றில் வாளியை இறக்குவதற்கு அரபியர் சொல்லும் சொல் அது. லஞ்சத்தைக் குறிக்கும் 'ரிஷ்வத்' என்பதும், வாளிக் கயிற்றைக் குறிக்கும் 'ரிஷா'விலிருந்து வந்தது என்று அகராதி அறிஞர்கள் சொல்வார்கள். கயிறு கட்டி வாளியை இறக்குகிறான். மேலே வருவது அடுத்தவன் வீட்டுத் தண்ணீர்.

நம் ஊர்களில் அந்த வாளி எங்கே இறங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். சம்மன் கொண்டுபோகும் அமீனாவுக்கு 'பஸ் செலவு'. எதிராளி அதைவிடக் கூடக் கொடுத்தால், 'வீடு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு சம்மன் திரும்பி வந்துவிடும். தீர்ப்பு நகல் கேட்டால் ஸ்டாம்புக்கு மேல் ஒரு தொகை. கட்டு காணவில்லை என்பார்கள். நோட்டை நீட்டினால் கட்டு கிடைத்துவிடும். கோர்ட் ஊழியர் எல்லோருமே இப்படித்தான் என்று நான் சொன்னால் அது பொய்ச் சாட்சி. கைநீட்டாமலே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

நம் மஹல்லாவில் கணவரை இழந்த ஒரு தாய், மூன்று பிள்ளைகளின் பங்குக்காகப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். சம்மன் மூன்று முறை திரும்பி வந்தது. எதிராளியோ தினமும் அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார்! இடையில் நின்று பணம் கைமாற்றியவர் யார் என்பது தெருவுக்கே தெரியும். நீங்கள் சொல்லலாமே என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அவர் நம்ம கட்சி ஆளு, ஹள்ரத். இப்ப பேசினா எதிர்க்கட்சிக்காரனுக்குத் தீனி போட்ட மாதிரி ஆயிடும்" என்றார். முந்தைய ஆட்சியில் இதே கோர்ட் லஞ்சத்தைக் கண்டித்துப் போஸ்டர் ஒட்டியவர் அவர். அன்று வாய் மூடியிருந்தவர்கள் இன்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். ஆட்சி மாறினால் அரசு வக்கீல்கள் மாறுவார்கள், புரோக்கரின் வேட்டிக் கரை மாறும். அந்தத் தாய் மட்டும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஸூரத்துன் நிஸாவின் 105ஆவது வசனத்தையும் அதைத் தொடர்ந்து வருபவற்றையும் எடுத்துப் பாருங்கள். தஃப்ஸீர் நூல்களில் அவற்றின் பின்னணி வருகிறது. மதீனாவில் துஃமா இப்னு உபைரிக் என்பவன் ஒரு போர்க் கவசத்தைத் திருடினான். கவசம் மாவு மூட்டைக்குள் இருந்தது. மூட்டையில் ஓட்டை, வழியெல்லாம் மாவு சிந்தியது. மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் கவசத்தை ஒரு யூதரிடம் சேர்த்துவிட்டு, பழியையும் அவர்மேல் போட்டான். அவனுடைய கோத்திரத்தார், பனூ ளஃபர், நபி (ஸல்) அவர்களிடம் திரண்டு வந்து அவனுக்காக வாதாடினார்கள். அவன் நம்மவன், அந்த யூதர் வேற்றாள். அவர்களுக்கு அந்தக் கணக்குப் போதுமாக இருந்தது. யூதர்களோடு உறவு சுமுகமாக இல்லாத காலம் அது. அப்படியிருந்தும் வஹீ இறங்கி அந்த யூதரைக் குற்றமற்றவர் என்று காட்டியது. மோசடிக்காரருக்காக வாதாட வேண்டாம் என்று தடுத்தது. இவ்வுலகில் அவர்களுக்காக வாதாடிவிட்டீர்கள், மறுமையில் யார் வாதாடுவார் என்ற கேள்வியும் அதே வரிசையில் வருகிறது. அந்தக் கேள்வி திருடனைப் பார்த்துக் கேட்கப்பட்டதல்ல. அவனுக்குத் துணை நின்றவர்களைப் பார்த்துக் கேட்கப்பட்டது.

கட்சியில் இருப்பது கூடாது என்று நான் சொல்லவில்லை. தன் கூட்டத்தை நேசிப்பது இனவெறியா என்று ஒருவர் கேட்டபோது, இல்லை, அநியாயத்தில் தன் கூட்டத்துக்குத் துணை போவதே இனவெறி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கம் சொன்னதாக இப்னு மாஜாவில் வருகிறது.

இப்படிப் பேசுவது புறம் ஆகாதா? அநீதி இழைக்கப்பட்டவர் அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவதை, புறம் பேசுதல் அனுமதிக்கப்பட்ட இடங்களில் முதலாவதாக இமாம் நவவீ (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். டீக்கடையில் பேசுவதற்கு அந்த அனுமதி கிடையாது. உரிமையைப் பெற வேறு வழியே இல்லாதவர் கொடுத்தால் பாவம் வாங்கியவர் மீதுதான் என்று ஃபுகஹாக்கள் பலர் சொல்லியிருப்பதும் உண்மை. ஆனால் கடைசி வாசலுக்கான அந்தச் சலுகையை நாம் முதல் வாசலிலேயே எடுத்துக்கொள்கிறோம்.

நாட்டுச் சட்டமும் இங்கே பயப்படும் அளவுக்கு இல்லை. ஜட்ஜைப் பற்றி வாய் திறந்தால் அவமதிப்பு வழக்கு வரும் என்கிறார்கள். கீழ்க் கோர்ட் நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்கு முறையிடுவது அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 6ஆவது பிரிவிலேயே சொல்கிறது. ஊழியரைப் பற்றி என்றால் மாவட்ட முதன்மை நீதிபதிக்கு எழுதலாம். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் போலீஸிடமோ லஞ்ச ஒழிப்புத்துறையிடமோ தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இந்த 7 நாள் கணக்கை நினைவில் வையுங்கள். எட்டாவது நாள் எனக்குப் போன் செய்து பயனில்லை.

இன்று அஸருக்குப் பிறகு மதரஸா ஹாலில் நம் மஹல்லா வக்கீல்கள் இருவர் மனு எழுதித் தர உட்காருகிறார்கள். ஒருவர் ஆளும் கட்சி, இன்னொருவர் எதிர்க்கட்சி. இரண்டு பேரிடமும் நானே பேசிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். வழக்கு எண், தேதி, கேட்கப்பட்ட தொகை, கையில் உள்ள தாள்கள் ஆகியவற்றோடு வாருங்கள். நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள். கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். முதல் மனு அந்தத் தாயுடையது. சம்மன் திரும்பிய நாட்களில் எதிராளி வீட்டில் இருந்ததைப் பார்த்தவர்கள் இந்த முதல் ஸஃப்பிலேயே இருக்கிறீர்கள், கையெழுத்துப் போட வாருங்கள். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளின் பங்கை அவர்கள் கையில் சேர்ப்பானாக. ஆமீன்.