பாண்டியில ரெண்டு நாள், ரெண்டு பேர், 5,000 ரூபாய்

கல்யாணமாகி எட்டு மாசம் ஆச்சு. விருந்துக்குப் போனீங்க, குலதெய்வக் கோயிலுக்குப் போனீங்க, நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குப் போனீங்க. எல்லாத்துலயும் கூட நாலு பேர் இருந்தாங்க. நீயும் மாப்பிள்ளையும் மட்டும் ஒரு ஊருக்குப் போய், எப்ப எழுந்திருக்கணும், எங்க சாப்பிடணும்னு நீங்களே முடிவு பண்ணி ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க. மாசக் கடைசியில இ.எம்.ஐ. கட்டுற வீட்டுக்கு இது ஆடம்பரம்னு நீ நினைக்கிறது எனக்குத் தெரியும். அதனாலதான் பாண்டிச்சேரியைச் சொல்றேன். சென்னையிலேர்ந்து 150 கிலோமீட்டர். ஈ.சி.ஆர். வழியா பஸ்ல மூணரை மணி நேரம். கணக்கா இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள்ள முடிச்சுடலாம்.

பாண்டியில பார்க்க வேண்டியதுல முக்கால்வாசி இலவசம், அதுவும் நடந்து போற தூரத்துலயே இருக்கு. காசு கரையிறது ரெண்டே இடத்துலதான். ஒண்ணு, ஊருக்கு வெளியே ரிசார்ட்டைப் பிடிச்சுட்டு ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்குக் கொடுக்கிறது. இன்னொண்ணு, வெயில் தாங்காம கண்ணுல பட்ட ஏசி ரெஸ்டாரன்ட்டுல எல்லாம் நுழையிறது. ரூம் எங்கே எடுக்கிறோம், எந்த நேரத்துல வெளியே போறோம், இந்த ரெண்டையும் சரியா வச்சுக்கிட்டா மத்ததுக்குப் பெருசா யோசிக்க வேண்டாம்.

ரூமை முதல்ல பார்ப்போம். அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சொந்தமா கெஸ்ட் ஹவுஸ் நாலஞ்சு இருக்கு. அதுல பார்க் கெஸ்ட் ஹவுஸ் பீச் ரோட்டோட தெற்கு முனையில, கடலைப் பார்த்தபடியே இருக்கு. தோட்டத்துல உட்கார்ந்தா எதிர்ல கடல்தான். அந்த இடத்துல தனியார் ஹோட்டல் கட்டியிருந்தா வாடகை நம்ம பக்கமே வராது. ஆனா அங்க கட்டுப்பாடு உண்டு. ராத்திரி பத்தரைக்குக் கேட்டைச் சாத்திடுவாங்க. குடி, சிகரெட் ரெண்டுக்கும் இடமில்ல. மாப்பிள்ளைக்கு இதெல்லாம் சம்மதமான்னு முன்னாடியே கேட்டுக்கோ, அங்க போய் முகம் சுளிக்கக் கூடாது. சனி ஞாயிறுக்கு இடம் சீக்கிரமே தீர்ந்துடும், ஒரு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் கேட்கணும். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆசிரமத்துல தரிசன நாள். அந்தத் தேதிகளை ஒட்டி வேற ஊர்லேர்ந்து பக்தர்கள் வந்து தங்குவாங்க, உங்களுக்குக் கிடைக்கிறது கஷ்டம். புத்தாண்டு சமயத்துல பாண்டிப் பக்கமே போகாதே. வாடகையும் ஏறியிருக்கும், ரோட்டுல நடக்கவும் முடியாது.

ஆசிரமத்துல கிடைக்கலைன்னா, வெள்ளைக்காரத் தெருக்கள்ல அழகா இருக்குன்னு பெரிய வாடகைக்கு எடுக்காதே. மிஷன் வீதிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் நடுவுல சின்ன லாட்ஜுகள் நிறைய இருக்கு. கடற்கரைக்கு அங்கேர்ந்து கால் மணி நேர நடைதான். புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு மூணு விஷயம் கேளு: எத்தனை மணிக்கு ரூம் தருவாங்க, வரி சேர்த்து எவ்வளவு, ரூமைக் காலி பண்ணின பிறகு சாயங்காலம் வரைக்கும் பையை வச்சுக்குவாங்களா. இந்த மூணாவது கேள்விக்கு ஆமாம்னு சொல்ற லாட்ஜா எடு. ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் கையை வீசிக்கிட்டு நடக்கலாம். ரெண்டு பேரும் ஆதார் எடுத்துக்கோங்க. உன் ஆதார்ல இன்னும் அப்பா பேர்தான் இருக்குன்னு சங்கடப்படாதே, ரெண்டு பேரோட அடையாள அட்டையும் இருந்தா போதும். யாராவது துருவித் துருவிக் கேட்பாங்களோன்னு உனக்குப் பயமா இருந்தா, கல்யாணப் பத்திரிகையை போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கோ.

சனிக்கிழமை விடிகாலையில பஸ் ஏறிடுங்க. ஈ.சி.ஆர். வழியா போற வண்டியா, திண்டிவனம் வழியா போற வண்டியான்னு கேட்டு ஏறணும். திண்டிவனம் வழியும் நல்ல ரோடுதான், ஆனா கடல் தெரியாது. ஈ.சி.ஆர்.ல போகும்போது இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடி. மரக்காணம் பக்கம் உப்பளம் வெள்ளை வெளேர்னு விரிஞ்சு கிடக்கிறதையும் பார்த்துக்கிட்டே போகலாம்.

இப்ப வெயிலைப் பத்திச் சொல்றேன், இதைக் கவனமா கேளு. பாண்டிக் கடற்கரை கிழக்குப் பார்த்தது. காலையில சூரியன் நேரா கடல்லேர்ந்து எழும்பும், எட்டரை மணிக்கெல்லாம் பீச் ரோட்டுல நிக்க முடியாது. சாயங்காலம் நாலரைக்கு மேல சூரியன் ஊருக்குப் பின்னாடி போயிடும், கட்டடங்களோட நிழல் ரோட்டு மேல விழும், காத்தும் வரும். அதனால காலை 5.30-லேர்ந்து 8 வரைக்கும் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுப்பகல்ல கூரைக்கு அடியில இருங்க. ஊரே அப்படித்தான் இருக்கு, ஒரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் நிறைய கடைகளைச் சாத்திடுவாங்க. நீங்களும் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுங்க. அதுக்கும்தானே போறீங்க!

பீச் ரோடு ஒண்ணரை கிலோமீட்டர் நீளம். சாயங்காலம் 6 மணியிலேர்ந்து மறுநாள் காலை 7.30 வரைக்கும் அதுல வண்டி விட மாட்டாங்க. தடுப்பு வச்ச உடனே ஹாரன் சத்தம் அடங்கி, அலை பாறையில மோதுற சத்தம் கேட்கும். குழந்தைங்க நடு ரோட்டுல ஓடும், தாத்தா பாட்டிங்க கை கோத்துக்கிட்டு நடப்பாங்க. எட்டு கருங்கல் தூண்களுக்கு நடுவுல காந்தி சிலை, அதுக்கு எதிர்ல முதல் உலகப் போர்ல செத்த வீரர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னம், 1836-ல விளக்கேத்தின பழைய கலங்கரை விளக்கம், எல்லாமே அந்த ஒரே நீளத்துல இருக்கு. கையில பத்து ரூபாய் சுண்டல் பொட்டலத்தோட அந்தச் சுவர் மேல உட்கார்ந்து பேசுங்க. வீட்டுல பேச நேரமில்லாத விஷயமெல்லாம் அங்க தானா வாயில வரும்.

அங்க ஏன் மணலுக்குப் பதிலா கருங்கல் கிடக்குன்னு மாப்பிள்ளை கேட்பார், சொல்லிடு. இந்தக் கரையில கடல் மணலைத் தெற்கேயிருந்து வடக்கே நகர்த்திக்கிட்டே இருக்கும். ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக 1980-கள்ல கடலுக்குள்ள தடுப்புச் சுவர் கட்டினாங்க. மணல் அங்கேயே தேங்கி, ஊர்ப்பக்கக் கரையை அலை அரிச்சுட்டுது. அதைத் தடுக்கக் கொட்டின கல்தான் அது. பிறகு கடலுக்கு அடியில செயற்கைத் திட்டு அமைச்சதுல, தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கு. கால் நனைக்கணும்னா அங்க நனைச்சுக்கோங்க. பாறை மேல ஏறி செல்ஃபி எடுக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். பாசி வழுக்கும், கல்லுக்கு நடுவுல கால் மாட்டினா இழுக்க முடியாது.

குளிக்கணும்னு மாப்பிள்ளை ஆசைப்பட்டா, காவலுக்கு ஆள் நிக்கிற இடத்துல, இடுப்பளவு தண்ணிக்கு மேல போகாம குளிங்க. பாண்டிக் கடல் பார்க்கத்தான் அமைதி, உள்ள இழுவை இருக்கு. ஒவ்வொரு வருஷமும் வெளியூர்ப் பிள்ளைங்க உயிர் போகுது. ‘நீச்சல் தெரியும்’னு அவர் சொன்னாலும் நீ விடாதே.

பாரடைஸ் பீச்சுக்கு சுண்ணாம்பாறு படகுத்துறையிலேர்ந்து படகுல போகணும். ஆட்டோ எதுக்கு? கடலூர் போற பஸ்ல ஏறி நோணாங்குப்பத்துல இறங்கினா போதும். படகு ஆத்தோட முகத்துவாரத்தை நோக்கிப் போகும்போது ரெண்டு பக்கமும் பச்சையா இருக்கும், அந்தப் பயணம்தான் எனக்குப் பிடிச்சது. ஆனா ஞாயித்துக்கிழமை வரிசை ரொம்ப நீளம். போறதா இருந்தா சனிக்கிழமை, இல்லைன்னா விட்டுடு. ஆரோவில்லும் அப்படித்தான். மாத்ரி மந்திரைத் தூரத்திலேர்ந்து பார்க்கிறதுக்குக் காசு இல்ல, ஆனா உள்ளே போய்த் தியானத்துல உட்காரணும்னா முன்கூட்டியே பதிவு பண்ணணும். போக வர அரை நாள் ஆகிடும். ரெண்டு நாள் பயணத்துல ரெண்டையும் திணிக்காதே. ஒண்ணை அவர் சொல்லட்டும், இல்லைன்னா நீ சொல்லு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு லிஸ்ட் போட்டு ஓடினா திங்கட்கிழமை ஆபீஸுக்குக் காய்ச்சலோடதான் போவீங்க.

தெருக்களைப் பத்திச் சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது. ஊருக்கு நடுவுல பெரிய வாய்க்கால் ஒண்ணு ஓடுது. அதுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரங்க பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வர்றவங்க எல்லாரும் கிழக்கே மஞ்சள் சுவர் முன்னாடி, காகிதப்பூக் கொடிக்குக் கீழ நின்னு படம் எடுத்துட்டுத் திரும்பிடறாங்க. நீங்க வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்குப் போங்க. வீட்டு முன்னாடி தெருவைப் பார்த்த திண்ணை, அதுக்கு மேல மரத்தூண் தாங்கின தாழ்வாரம். வெயில்ல நடந்து வர்றவன் ஒதுங்கட்டும்னுதான் அந்தக் காலத்துல அப்படிக் கட்டினாங்க. கொஞ்சம் அண்ணாந்து பாரு, அதே வீட்டோட மாடியில வளைஞ்ச ஜன்னல், சுவரோட ஒட்டின பிரெஞ்சுத் தூண் வேலைப்பாடு இருக்கும். கீழ் வீடு தமிழ், மேல் வீடு பிரெஞ்சு. இந்தத் தெருவைப் பழமை மாறாம மீட்டெடுத்ததுக்கு 2008-ல யுனெஸ்கோவோட ஆசிய-பசிபிக் விருது கிடைச்சுது. ஆள் குடியிருக்கிற வீடுங்கிறதால திண்ணையில உட்காரணும்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு உட்காரு.

தமிழ் படிச்சவ நீ, பாரதியார் வீட்டுக்குப் போகாம வந்தா நான் கேட்பேன். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில இருக்கு. இங்கிலீஷ்காரன் கையில சிக்காம இருக்க 1908-ல பிரெஞ்சு மண்ணுக்கு வந்தவர், பத்து வருஷம் இந்த ஊர்ல இருந்தார். ‘கண்ணன் பாட்டு’ம் ‘குயில் பாட்டு’ம் இந்த ஊர்ல எழுதினதுதான். பக்கத்துல பெருமாள் கோயில் வீதியில பாரதிதாசன் இருந்த வீடும் நினைவு இல்லமா இருக்கு. வெயில் ஏறின பிறகு பாரதி பூங்கா பக்கத்துல இருக்கிற மியூசியத்துக்குப் போங்க. சின்னக் கட்டணம்தான். அரிக்கமேட்டுல கிடைச்ச பாசிமணிகளும் ரோமானிய ஜாடித் துண்டுகளும் அங்க இருக்கு. கடுகை விடக் கொஞ்சம் பெருசா ஒரு மணி, அதுக்குள்ள நூல் கோக்க ஓட்டை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்து துளை போட்டிருக்கார். கண்ணாடிப் பக்கம் குனிஞ்சு பார்த்தாதான் தெரியும், அவசரமா கடந்து போயிடாதே. திங்கட்கிழமை மியூசியம் லீவு.

ஆசிரமத்துல அரவிந்தர் சமாதிக்குப் போறப்ப போனை அணைச்சுடுங்க, உள்ளே பேசக் கூடாது. மணக்குள விநாயகர் கோயில் பக்கத்துலயே இருக்கு, காலையிலேயே பார்த்துட்டா கூட்டம் குறைவு.

சாப்பாட்டுல ஒரே ஒரு வேளையை மட்டும் தாராளமா வச்சுக்கோங்க. பிரெஞ்சு ரெஸ்டாரன்ட்டுல உட்காரணும்கிற ஆசை நியாயமானதுதான், அதை மதியத்துக்கு வச்சுக்கோ. ராத்திரிச் சாப்பாட்டை விட பில் குறையும், கூட்டமும் இருக்காது. உட்காருறதுக்கு முன்னாடி மெனு கார்டை வாங்கி விலையைப் பாரு, அதுல வெட்கமே வேண்டாம். மத்த வேளைக்கு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ்ல தோசையும் காபியும், பேக்கரியில நீளமான பிரெஞ்சு ரொட்டி, ஏதாவது மெஸ்ல மீன் சாப்பாடு. பீச் ரோட்டு லே கஃபேயில விடிகாலை காபி ஒண்ணு கட்டாயம் குடிங்க. கடல் பக்கம் இருக்கிற மேஜைக்கு அந்த நேரத்துலதான் போட்டி இருக்காது.

வண்டி வாடகைக்கு எடுக்கணும்னா ஒரு நாளைக்கு ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய 400-லேர்ந்து 600 ரூபாய் கேட்பாங்க. ஊருக்குள்ள சுத்த அது தேவையே இல்ல, சைக்கிள் போதும். ஆரோவில் போறதா இருந்தா மட்டும் எடுங்க. எடுக்கும்போதே வண்டியைச் சுத்தி வந்து கீறல் எல்லாத்தையும் வீடியோ எடுத்துக்கோ, திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் வராது. ஹெல்மெட் ரெண்டு கேட்டு வாங்கு. ஆட்டோவுல ஏறுறதுக்கு முன்னாடி ரேட் பேசிடு.

5,000-ஐ நான் இப்படிப் பிரிப்பேன்: பஸ்ஸுக்கு 800, ரூமுக்கு 2,000, சாப்பாட்டுக்கு 1,400, படகு, நுழைவுக் கட்டணம், சில்லறைச் செலவுக்கு 500, மிச்சம் 300 உனக்கு. கிளம்பும்போதே அதைப் பணமா எடுத்து ஒரே பர்ஸ்ல போட்டு ரெண்டு பேரும் அதுலேர்ந்தே எடுங்க. ஜிபேயில தட்டிக்கிட்டே போனா செலவு கண்ணுக்குத் தெரியாது, ஊருக்கு வந்த பிறகு ‘நீ செஞ்சது, நான் செஞ்சது’ன்னு மனஸ்தாபம் வரும்.

அந்த 300 சண்டே மார்க்கெட்டுக்கு. ஞாயித்துக்கிழமை எம்.ஜி. ரோடு முழுக்கத் துணி, செருப்பு, பாத்திரம்னு கடை போட்டிருப்பாங்க. பத்து மணிக்கே போ, வெயிலும் கூட்டமும் ஏறுறதுக்கு முன்னாடி பொறுக்கி எடுக்கலாம். காட்டன் குர்தாவுக்குத் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்துட்டுப் பேரம் பேசு. அம்மாவுக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்தா சந்தோஷப்படுவாங்க.

மாப்பிள்ளையோட நண்பர்கள் யாராவது ‘ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாடா’ன்னு போன் போடுவாங்க. அங்க விலை குறைவுங்கிறது உண்மைதான், ஆனா தமிழ்நாட்டு எல்லையில சோதனை போடுறாங்க. பஸ்ஸை நிறுத்திப் பையைப் பிரிச்சா உங்க ரெண்டு பேருக்கும்தான் அவமானம். முடியாதுன்னு மாப்பிள்ளையையே சொல்லச் சொல்லு. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு மேல சென்னை பஸ்ல உட்கார இடம் கிடைக்காது. ரிசர்வ் பண்ணலைன்னா மூணு மணிக்கே பையை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுங்க. வீட்டுக்கு வந்து சமைக்க வேண்டாம், தோசை மாவை வெள்ளிக்கிழமையே ஃபிரிட்ஜ்ல வச்சுட்டுப் போ.