மணலில் ஒரு கூட்டுத் தோட்டம்

வயலை விட்டு வந்து கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் குடியிருக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. விளைவிக்கத் தெரிந்தவர்களே கொச்சிக்காயையும் கீரையையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அவ்வாண்டு யூனில் அரசாங்கம் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. வளவே இல்லாதவர் எங்கே நடுவது?

ஆகவேதான் பலர் சேர்ந்து செய்யும் தோட்டத்தைப் பற்றிச் சிந்திக்கிறோம். 1991இல் சோவியத் யூனியன் கலைந்தபின், எரிபொருளும் உரமும் வராமல் தவித்த கியூபாவின் ஹவானா நகரில், மக்கள் வெற்றுக் காணிகளில் மரக்கறி நட்டார்கள். அக்காணிகளைப் பயன்படுத்தும் உரிமையை அரசு கொடுத்தது. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். விதைக்கு முன்னே காணிப் பேச்சு முடிய வேண்டும். பள்ளிவாசல் காணியோ, கோயில் காணியோ, தனியார் வளவோ, எத்தனை போகத்துக்கு, விளைச்சல் யாருக்கு என்று எழுதி வாங்குங்கள். மண் பண்பட்டபின் பண்படுத்தியவரை எழுப்பிவிடுவது நடக்கிற காரியம்தான்.

கரையோர மணல் நீரையும் பசளையையும் பிடித்து வைக்காது. மாட்டெரு, தும்புச்சோறு, கருக்கிய உமி ஆகியவற்றைக் கலவுங்கள். மாரியில் பாத்தி உயரமாகவும் கோடையில் தாழ்வாகவும் இருக்கட்டும். மீன் கழிவு நல்ல பசளை. ஆனால் ஆழப் புதையுங்கள். மேலே கிடந்தால் நாயும் வரும், அயலவரின் கோபமும் வரும்.

நீர்தான் பெரிய விடயம். நம் மணலுக்குக் கீழே நல்ல நீர், உப்பு நீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தபின் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல கிணறுகளில் உப்பு குறையவில்லை. மாரி மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது. ஆகவே ஒரே கிணற்றில் மோட்டர் பூட்டி உறிஞ்ச வேண்டாம். காலையும் மாலையும் வாளியால் அள்ளுங்கள். நீர் கரித்தால் அக்கிணற்றை ஓயவிடுங்கள்.

இத்தோட்டம் அரிசி தராது. அதை எதிர்பார்ப்பவர் சீக்கிரம் கைவிடுவார். ஒரு மாதத்தில் முளைக்கீரை, பிறகு பசளி, பொன்னாங்கண்ணி, வெண்டி, கத்தரி, வேலியோரம் முருங்கை. பிள்ளைகளின் சோற்றோடு சேர வேண்டியது இந்த இலைக்கறிதான்.

நீர் ஊற்றும் முறையை முதற்கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் மாலை முறையைத் தமிழ் அயலவர் ஏற்கலாம். பொங்கலன்றும் நத்தாரன்றும் முஸ்லிம் குடும்பங்கள் வாளி தூக்கலாம்.