கணிப்பானுக்குக் கூடுதல் நினைவகம் – என்ன விலை?

சைன் சார்பின் வளைவை வரைபடத்தாளில் வரைந்திருப்பீர்கள். புள்ளிகளைக் கணக்கிட்டுக் குறித்து, பென்சிலால் இணைக்க அரைமணி நேரமாவது ஆகியிருக்கும். இவ்வேலையைத் தானே செய்யும் கையடக்கக் கருவியை 1985-இல் கேசியோ நிறுவனம் வெளியிட்டது. எஃப்எக்ஸ்-7000ஜி என்னும் இதுவே முதல் வரைபடக் கணிப்பான். (நம் பொதுத்தேர்வில் இன்னும் மடக்கை அட்டவணைதான். ஆகவே இக்கருவியைக் கண்ணால் பார்த்தவர்கள் உங்களுள் மிகச் சிலராகவே இருப்பர்.)

அதன் திரையில் கிடையாக 96, நெடுக்காக 64 புள்ளிகள் உண்டு. ஒரு புள்ளி கறுப்பா, வெறுமையா என்று குறிக்க ஒரு பிட் போதும். 96 × 64 = 6,144 பிட்; எட்டால் வகுத்தால் 768 பைட். ஆனால், நிரல் எழுதிவைக்க அதில் இருந்த இடம் 422 பைட் மட்டுமே! தான் வரைந்த ஒரே ஒரு படத்தைக்கூட அவ்விடத்தில் அடக்க முடியாது.

நினைவகத்தை வெளியிலிருந்து கூட்டும் வழி அதற்கு முன்பே இருந்தது. 1979-இல் 295 டாலர் விலையில் வந்த ஹியூலெட்-பேக்கார்டு 41சி, வரைபடம் போடாத நிரல் கணிப்பான். அதில் 7 பைட் கொண்ட 63 பதிவறைகள் இருந்தன. மேல்விளிம்பில் உள்ள நான்கு பொருத்துவாய்களிலும் நினைவகத் துண்டுகளைச் செருகினால், பதிவறைகள் 319 ஆகும். 1990-இல் இதே நிறுவனத்தின் 48எஸ்எக்ஸ் என்ற வரைபடக் கணிப்பான் 350 டாலருக்கு வந்தது. உள்ளே 32 கிலோபைட் நினைவகம். அட்டைகள் செருக இரண்டு வாய்கள். 128 கிலோபைட் அட்டை ஒன்றின் விலை சுமார் 250 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4,300 ரூபாய், சுங்கவரி தனி. கருவியின் விலையில் ஏழில் ஐந்து பங்கை ஒரு சிறு அட்டை விழுங்கிவிட்டது!

ஏன் இவ்வளவு விலை? அட்டையினுள் இருந்தது நிலை நினைவகம். இதில் ஒரு பிட்டைக் காக்கப் பொதுவாக ஆறு டிரான்சிஸ்டர்கள் தேவை. 128 கிலோபைட் என்பது 10,48,576 பிட். ஆறால் பெருக்கிப் பாருங்கள், அறுபது இலட்சத்தைத் தாண்டும். மலிவான மாற்று இல்லாமல் இல்லை. மடிக்கணினியில் உள்ள இயங்கு நினைவகத்தில் பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும். ஆனால் மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். நொடிக்குப் பலமுறை அதை நிரப்ப வேண்டும். மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் தூங்கும் கணிப்பானின் சிறு மின்கலம் இதற்குத் தாங்குமா?

நிலை நினைவகத்துக்குத் தூங்கும்போது மிக மிகக் குறைந்த மின்னோட்டம் போதும். எனினும் சுழி அன்று. அதனால்தான் அட்டைக்குள்ளேயே நாணய வடிவ லித்தியம் மின்கலம் ஒன்று வைத்தார்கள். அதை மாற்றும்போது, அட்டை கருவியில் செருகப்பட்டு, கருவியும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வெளியே எடுத்து வைத்துக்கொண்டு மின்கலத்தைக் கழற்றினால், ஓராண்டு உழைப்பு நொடியில் அழிந்துபோகும்.

மின்னோட்டமே இல்லாமல் நினைவைக் காப்பது ஃபிளாஷ் நினைவகம். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா இதனை 1984-இல் உலகிற்கு அறிவித்தார். டிரான்சிஸ்டருக்குள், நாற்புறமும் மின்காப்பு சூழ்ந்த ஒரு வாயிலில் எலக்ட்ரான்களைச் சிறைவைப்பதே இதன் உத்தி. சிறைப்பட்டவை ஆண்டுக்கணக்கில் வெளியேறா. பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர் போய் ஒன்றானது. இன்றோ ஒரே டிரான்சிஸ்டரில் இரண்டு, மூன்று பிட்டுகளையும் அடக்குகிறார்கள்.

மறைமலை நகரை அடுத்த சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாகச் சாலை ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்கிறது. அங்கே 2006 முதல் 2014 வரை நோக்கியா கைபேசிகள் தயாராயின. அவற்றுள் பலவற்றில், விரல்நகம் அளவுள்ள ஃபிளாஷ் அட்டையைச் செருக இடமிருந்தது. வேண்டியபோது வாங்கிச் செருகிக்கொள்ளலாம். இப்போது அதே ஊரில் பாக்ஸ்கான் ஆலையில் உருவாகும் ஐபோனில் அந்த வாய் இல்லை. கூடுதல் நினைவகம் வேண்டுமானால் வாங்கும்போதே கூடுதல் விலை கொடுத்தாக வேண்டும். பொறியியல் காரணங்கள் சில இருக்கலாம். ஆயினும், வாங்குபவன் பக்கம் நின்று பார்த்தால் பழைய வாயே மேல் என்பது என் கருத்து.

முடிவாக ஒரு கணக்கு. உங்கள் வீட்டுக் கைபேசியின் 32 கிகாபைட் அட்டையை 1990-ஆம் ஆண்டு விலையில் (128 கிலோபைட்டுக்கு 250 டாலர்) வாங்கினால் எவ்வளவு ஆகும்? ஒரு கிகாபைட் என்பது 1024 × 1024 கிலோபைட் எனக் கொள்க.

(விடை: 6,55,36,000 டாலர்.)