பாட்டி மேல் தப்பில்லை

இந்த மாதப் பாடத்தை ஒரு கைப்பேசியிலிருந்து தொடங்கலாம்.

போன தீபாவளிக்கு என் பாட்டிக்குப் புதுத் திறன்பேசி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதற்கு முன் பல வருஷமாக அவர் வைத்திருந்தது பொத்தான் போன். பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைக்கலாம். அவ்வளவுதான். புதுப் போனிலும் பச்சை வட்டம் வந்தது. பாட்டி அமுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினார். மணி அடித்து ஓய்ந்துவிட்டது.

"அமுக்காதீங்க பாட்டி, மேல இழுங்க! எத்தனை தடவ சொல்றது?" என்று ஒரு நாள் நான் கத்தியும் விட்டேன். பாட்டி போனை மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்குப் புத்தி மங்கிப் போச்சுப்பா" என்றார். அதற்குப் பிறகு போன் அடித்தால் அவர் தொடுவதே இல்லை. யாராவது எடுத்துக் கொடுக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அது சும்மா அடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்த செமஸ்டரில் பயனர் அனுபவ வடிவமைப்பு என்ற பாடத்தை எடுத்தேன். சுருக்கமாக 'யூஎக்ஸ்' என்பார்கள். சில வாரங்களிலேயே ஒன்று புரிந்துவிட்டது. தப்பு பாட்டி மேல் இல்லை.

கதவு சொல்லும் பாடம்

யூஎக்ஸ் என்றால் செயலிக்கு அழகான நிறம் போடுவது என்று பலர் நினைக்கிறோம். அது அல்ல. ஒரு பொருளை எடுத்ததிலிருந்து வைப்பது வரை ஒரு மனிதர் என்ன புரிந்துகொள்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து, அதற்கேற்ப அந்தப் பொருளை அமைப்பதுதான் யூஎக்ஸ்.

ஒரு கடைக்குப் போகிறீர்கள். கதவில் நீளமான கைப்பிடி. இழுக்கிறீர்கள், வரவில்லை. அப்புறம்தான் 'தோலாக்' என்ற சின்ன எழுத்து கண்ணில் படுகிறது. "ச்சே, கவனிக்கலயே" என்று நம்மையே திட்டிக்கொண்டு தள்ளுகிறோம். அமெரிக்க அறிஞர் டோனல்ட் நார்மன் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி 1988இல் எழுதிய நூலில் இப்படிப்பட்ட கதவுகளைத்தான் எடுத்துப் பேசினார். இன்று அவற்றுக்கு 'நார்மன் கதவு' என்றே பெயர். கைப்பிடியைப் பார்த்தால் கை இழுக்கத்தான் போகும். தட்டையான தகட்டைப் பார்த்தால் தள்ளத்தான் போகும். ஒரு கதவைத் திறக்கவே விளக்கம் எழுதி ஒட்ட வேண்டியிருந்தால், குறை கதவில் இருக்கிறது.

விமானிகள் ஏன் தவறினார்கள்?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விசித்திரம் நடந்தது. நல்ல பயிற்சி பெற்ற விமானிகள், விமானம் தரையிறங்கிய பிறகு இறக்கை மடல்களை உள்ளே இழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிற்றால் தரையில் உட்கார்ந்தது. 'விமானியின் தவறு' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானியறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கும் மடலுக்கும் உரிய இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. களைத்துப்போன மனிதர் வேறு என்ன செய்வார்?

அவர் சொன்ன தீர்வு ரொம்ப எளிமை. சக்கர விசையின் நுனியில் சின்னச் சக்கர வடிவம், மடல் விசையின் நுனியில் ஆப்பு வடிவம். கண்ணால் பார்க்காமலே, தொட்டவுடன் எது எதுவென்று கைக்குத் தெரியும். இன்றும் விமானங்களில் சக்கர விசையின் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

நான்கு கேள்விகள்

எந்தப் பொருளைப் பார்த்தாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, என்ன செய்யவேண்டும் என்று பார்த்தவுடன் தெரிகிறதா? வீட்டில் இருக்கும் சாதாரண ரைஸ் குக்கரில் ஒரே விசைதான். கீழே அமுக்கினால் சோறு வேகும். யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இரண்டு, எது எதை இயக்கும் என்று தெரிகிறதா? கோவில் மண்டபத்தில் வரிசையாகப் பன்னிரண்டு சுவிட்ச் இருக்கும். ஒரு மின்விசிறியைப் போட, பாதி விளக்கை அணைத்து அணைத்து ஏற்றியிருப்போம். மின்விசிறிகள் இருக்கும் வரிசையிலேயே சுவிட்சுகளும் இருந்தால் இந்தச் சிரமம் வராது.

மூன்று, செய்தது நடந்ததா என்று பதில் வருகிறதா? லிஃப்ட் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது. எரியாவிட்டால்? நான்கு பேர் நான்கு தடவை அமுக்குவார்கள்.

நான்கு, தவறினால் நம்மைக் காப்பாற்றுகிறதா? ஏடிஎம் பணத்தை முதலில் கொடுத்தால், வாங்கிய கையோடு அட்டையை மறந்துவிட்டுப் போய்விடுவோம். நாம் வந்தது பணத்துக்குத்தானே! அதனால்தான் பல இயந்திரங்கள் அட்டையைத் திருப்பித் தந்த பிறகே பணத்தைத் தருகின்றன.

இப்போது பாட்டியின் போனுக்கு வருவோம். இழுத்து எடுக்கும் முறைக்கும் காரணம் உண்டு. சட்டைப்பையில் தெரியாமல் விரல் பட்டு அழைப்பு திறந்துவிடக் கூடாது. நியாயம்தான். ஆனால் பச்சை வட்டம் 'என்னை அமுக்கு' என்கிறது. அமுக்கினால் அது தப்பு என்று சொல்லவும் மாட்டேன் என்கிறது. இன்னொன்று, தொடுதிரை விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது. வயதாகிக் காய்ந்து தடித்த விரலைச் சில நேரம் அது சரியாக உணராது. வடிவமைத்தவர் என்னை மனதில் வைத்திருந்தார், பாட்டியை மறந்துவிட்டார்.

நாமும் வடிவமைப்பாளர்கள்தான்

பெரிய நிறுவனங்களைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. எங்கள் இளைஞர் குழு கோவில் விருந்து ஒன்றுக்கு க்யூஆர் குறியீட்டில் மட்டும் பதிவு வைத்தது. படிவத்தைத் தயாரித்தவன் நான். மின்னஞ்சல் முகவரி இல்லாமல் படிவம் முன்னே போகாது. அன்று எத்தனையோ பெரியவர்கள் போனை நீட்டி, "தம்பி, இதக் கொஞ்சம் பாரேன்" என்று கூச்சத்தோடு நின்றார்கள். சிலர் பேசாமல் திரும்பிப் போனார்கள். சோறு போட மின்னஞ்சல் எதற்கு? நான் யோசிக்கவே இல்லை. பின்னால் தொங்கிய பேனரில் 'மக்கள் தொண்டே மகேசன் தொண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம்.

அடுத்த முறை ஒரு மேசை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, பக்கத்தில் ஓர் ஆள் வைத்தோம். க்யூஆர் குறியீடும் இருந்தது. யாரும் கூச்சப்பட்டு நிற்கவில்லை.

பாட்டியின் போன் அமைப்புகளைத் தோண்டிப் பார்த்தேன். ஒலியைக் கூட்டும் பொத்தானை அமுக்கியே அழைப்பை எடுக்கும் வசதி உள்ளே ஒளிந்திருந்தது. அதைப் போட்டுக் கொடுத்து, "பாட்டி, உங்க மேல தப்பில்ல, போன் மேலதான். அன்னிக்குக் கத்தினது என் தப்பு" என்றேன். மறுநாள் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டேன். மூன்றாவது மணியில், "யாருப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டது அவர் குரல்தான்.

இந்த மாதப் பயிற்சி

வீட்டில் ஒரு பெரியவரிடம் ஒரு சாதனத்தைக் கொடுத்து, ஒரு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். உதவி கேட்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மேலே உள்ள நான்கு கேள்விகளில் எது தவறியது என்று கண்டுபிடியுங்கள். அடுத்த வாரக் கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பேசுவோம்.