வெல்லம் இல்லாமல் ஒட்டுமா?

கேள்வி: மாவுச்சத்து குறைவான கிரனோலா பார் வீட்டில் செய்தால், பாகு இல்லாததால் உதிர்ந்துவிடுகிறதே?

பதில்: பாகின் வேலையை முட்டை வெள்ளைக்கருவிடம் விடுங்கள். வறுத்த வேர்க்கடலை, பாதாம், பூசணி விதை, எள், தேங்காய்த் துருவல் எல்லாம் சேர்த்து 2 கப். பாதியையாவது ஒன்றிரண்டாகப் பொடிக்க வேண்டும், முழுசாகக் கிடந்தால் எதுவும் பிடிக்காது. 2 வெள்ளைக்கரு, ஏலக்காய், சிட்டிகை உப்புடன் பிசறி, தட்டில் நன்றாக அழுத்தி, அவனில் 150 டிகிரியில் 25 நிமிடம். முழுக்க ஆறிய பிறகே வெட்டுங்கள். முட்டை ஆகாதா? ஆளிவிதைப் பொடியை வெந்நீரில் குழைத்துச் சேர்க்கலாம். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும்.

ஓட்ஸ் வேண்டாம். 100 கிராம் ஓட்ஸில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து; வேர்க்கடலையில் ஏறக்குறைய அதில் கால்பங்குதான். ஆனால் கலோரி குறையாது, நாளுக்கு ஒரு துண்டு போதும்.